ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு: மனப்பாடம் இல்லாமல் பதில் சொல்லப் பழகும் முறை

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் குடியேற்றத்துக்கும் ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் நான்கு பகுதிகளில், பேச்சுப் பகுதிக்குத் தயாராகும்போதுதான் உழைப்பு பெரும்பாலும் தவறான இடத்தில் செலவாகிறது. வாசிப்புக்கும் கேட்டலுக்கும் பழைய வினாத்தாள்களைச் செய்துபார்த்து, விடைகளோடு ஒப்பிட்டு, நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். பேச்சுக்கு அப்படி ஒப்பிட்டுப் பார்க்க விடைத்தாள் எதுவும் கிடையாது. அதனால் ‘பேண்ட் 9 மாதிரிப் பதில்கள்’ (பேண்ட் என்பது இந்தத் தேர்வின் மதிப்பெண் நிலை; 9 அதன் உச்சம்) என்ற பெயரில் கிடைப்பவற்றையெல்லாம் சேகரித்து, தலைப்புக்கு ஒன்றாக மனப்பாடம் செய்வதையே பயிற்சி என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அதற்கு மாற்றான ஒரு முறையை இங்கே விளக்குகிறேன். கேள்வி காதில் விழுந்த கணத்தில், தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலத்தைக் கொண்டு ஒரு பதிலைக் கட்டும் திறன்தான் தேர்வில் அளக்கப்படுகிறது. ஆகவே நாள்தோறும் பழக வேண்டியதும் அதுவே.

தேர்வின் வடிவத்தை முதலில் தெளிவாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். உயர்கல்விக்கான அகாடமிக், வேலைக்கும் குடியேற்றத்துக்குமான ஜெனரல் டிரெயினிங் ஆகிய இரு பிரிவினருக்கும் அது ஒன்றுதான். எதிரே ஒரு எக்ஸாமினர் இருப்பார். சில இடங்களில் அவர் காணொளி அழைப்பின் வழியாகப் பேசுவார். உரையாடல் முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்படும். முதல் பாகத்தில் நான்கைந்து நிமிடம் வேலை, படிப்பு, வீடு, பொழுதுபோக்கு போன்ற பழகிய தலைப்புகளில் சிறு கேள்விகள் வரும். இரண்டாம் பாகத்தில் ஒரு கியூ கார்டு, அதாவது பேச வேண்டிய தலைப்பும் துணைக்கேள்விகளும் எழுதிய அட்டை, தரப்படும். ஒரு நிமிடம் யோசித்துக் குறிப்பெடுத்தபின், ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். மூன்றாம் பாகத்தில் அந்தக் கார்டின் தலைப்பை ஒட்டிய பொதுவான, சற்றே கருத்தியலான கேள்விகளை நான்கைந்து நிமிடம் விவாதிக்க வேண்டும்.

மதிப்பெண் நான்கு அளவுகோல்களில் சமமாகப் பகிரப்படுகிறது: பேச்சின் சரளமும் கோவையும் (கருத்துகள் ஒன்றோடொன்று தொடர்ந்து அமைவது), சொல்வளம், இலக்கணத்தின் விரிவும் துல்லியமும், உச்சரிப்பு. ஒவ்வொன்றுக்கும் எந்தப் பேண்டில் எப்படிப் பேச வேண்டும் என்ற விளக்க அட்டவணையைத் தேர்வை நடத்தும் அமைப்புகளே பொதுவில் வெளியிட்டிருக்கின்றன. பயிற்சியைத் தொடங்கும் நாளிலேயே அதைப் பொறுமையாக வாசித்துவிடுவது நல்லது, ஏனென்றால் அது பல வீண் பயங்களைப் போக்கிவிடும். நம் கருத்து சரியா தவறா என்பதற்கு அதில் இடமே இல்லை. வெளிநாட்டவரைப் போன்ற தொனியில் பேச வேண்டும் என்றும் அதில் இல்லை. கேட்பவருக்குச் சிரமமின்றிப் புரிகிறதா என்பதே பார்க்கப்படுகிறது. பேண்ட் 9 பெறுபவருக்குக்கூடத் தயக்கம் இருக்கலாம் என்று அந்த அட்டவணை ஒப்புக்கொள்கிறது. அந்தத் தயக்கம் அடுத்து என்ன சொல்வது என்று யோசிப்பதால் வந்ததா, சொல்லையும் இலக்கணத்தையும் தேடுவதால் வந்ததா என்பதில்தான் வேறுபாடு. பேண்ட் 6க்கும் 7க்கும் நடுவில் உள்ள தூரமும் இத்தகையதே. நீளமாகப் பேச ஆர்வம் இருந்தும் இடையிடையே கோவை கலைந்துபோவது 6. கோவை கலையாமல், சிரமப்படுவது வெளியே தெரியாமல் நீளமாகப் பேசுவது 7. அரிய சொற்களைத் தேடி அடுக்குவதால் மட்டும் இந்தத் தூரத்தைக் கடந்துவிட முடியாது.

மனப்பாடம் ஏன் உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனப்பாடமாக வரும் வாக்கியங்களில் குரலின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும், வேகம் கூடும், கண்கள் எதிரே இருப்பவரை விட்டு விலகும். அதுவரை எளிய சொற்களில் தட்டுத்தடுமாறிப் பேசியவர் திடீரென ஒரு பத்தி முழுவதும் பிழையின்றிப் பேசி, அடுத்த கேள்வியில் மீண்டும் தடுமாறினால், பயிற்சி பெற்ற எந்த எக்ஸாமினருக்கும் காரணம் விளங்கிவிடும். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. படித்து வைத்த பதில் கேட்ட கேள்விக்கு அப்படியே பொருந்துவது அரிது. ‘நீங்கள் சிறுவயதில் விரும்பிய விளையாட்டு’ என்று தயாரித்தவரிடம் ‘இப்போது குழந்தைகள் விளையாடும் விதம் மாறிவிட்டதா’ என்று கேட்டால், அவர் கேள்வியை விட்டுவிட்டுத் தன் பதிலைச் சொல்லத் தொடங்குகிறார். மூன்றாம் பாகத்தில் இது முற்றிலும் கைவிட்டுவிடும், ஏனென்றால் அங்கே நாம் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வி கிளைக்கக்கூடும்.

ஒலிப்பதிவும் எழுத்துப்படியும்

இந்த முறையின் மையம் ஒலிப்பதிவு. கைப்பேசியில் இருக்கும் ரெக்கார்டரே போதும். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, எதையும் எழுதி வைக்காமல், உடனே பதில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நிறுத்தி மீண்டும் தொடங்கக் கூடாது. தடுமாறினாலும் பதிலை முடித்துவிட வேண்டும். பிறகு ஒரு நிமிட அளவு பேச்சை மட்டும் எடுத்து, கேட்டபடியே கையால் எழுதுங்கள். ‘அம்’, ‘ஆ’ போன்ற இழுவைகள், பாதியில் விட்ட வாக்கியங்கள், ஒரே சொல்லை இருமுறை சொன்னது, நீண்ட மௌனம் என எதையும் விடாமல் குறிக்க வேண்டும். மௌனத்துக்கு ஒரு சாய்கோடு போட்டுக்கொள்ளலாம்.

இது அலுப்பூட்டும் வேலைதான். ஒரு நிமிடப் பேச்சை எழுதக் கால் மணி நேரம்கூட ஆகலாம். ஆனாலும் இந்தப் பயிற்சிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பேசும்போது நம் கவனம் முழுவதும் பொருளின் மேல் இருப்பதால், நாம் செய்யும் பிழைகள் நம் காதிலேயே விழுவதில்லை. தாளில் வந்த பிறகுதான், நடந்து முடிந்த நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்கிய மூன்றாம் வாக்கியத்திலேயே நிகழ்காலத்துக்குத் தாவியதும், பன்மைக்கு உரிய ‘எஸ்’ ஒலி பாதி இடங்களில் விடுபட்டதும், ‘ஸோ’ என்ற சொல் வாக்கியத்துக்கு வாக்கியம் வந்ததும் கண்ணில் படுகின்றன. சாய்கோடுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்பதும் பல செய்திகளைச் சொல்லும். ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மௌனம் இருந்தால் அது இயல்பானது. வினைச்சொல்லுக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் இருந்தால், சொல் கிடைக்காமல் நின்றிருக்கிறோம் என்று பொருள்.

பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் செயலிகள் இருக்கின்றனவே, கையால் எழுதுவது எதற்கு என்று கேட்கலாம். அந்தச் செயலிகளில் பல, இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் நீக்கிவிடுகின்றன; சில வேளை நாம் விட்ட இலக்கண உறுப்பைத் தாமே சேர்த்தும் விடுகின்றன. நமக்குத் தேவையானதோ அந்தக் குறைகள்தான். செயலியை வேறொரு வேலைக்குப் பயன்படுத்தலாம்: எந்தச் சொல்லை அது திரும்பத் திரும்ப வேறொன்றாக எழுதுகிறதோ, அந்தச் சொல்லின் உச்சரிப்பைக் கவனிக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். சில செயலிகள் தரும் பேண்ட் மதிப்பெண்ணை அதிகம் நம்ப வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் எல்லாப் பிழைகளையும் ஒரே நேரத்தில் திருத்த முற்படாதீர்கள். அடிக்கடி வந்த ஒரு பிழையையும், சொல்ல விரும்பியும் சொல்ல முடியாமல் போன இரண்டு இடங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு இடங்களுக்கு அகராதியையோ நன்கு தெரிந்த ஒருவரையோ நாடி, எளிய ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கண்டறிந்து, அதே கேள்விக்கு மறுபடியும் பதில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இவ்வாறு கிடைக்கும் சொற்றொடர்கள் நாமே தேடித் தவித்தவை என்பதால் நினைவில் தங்கிவிடுகின்றன; பட்டியலில் படித்த சொற்களுக்கு அந்தப் பிடிப்பு இருப்பதில்லை.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப

நாள்தோறும் பத்துப் புதிய கேள்விகளைத் தொட்டுச் செல்வதைவிட, ஒரே கேள்விக்கு மூன்று முறை பதில் சொல்வது சரளத்தை வேகமாக வளர்க்கும். மொழி கற்பித்தல் துறையில் இதற்கென்றே ‘4-3-2’ என்ற பயிற்சி இருக்கிறது. நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியல் பேராசிரியர் பால் நேஷனின் எழுத்துகளால் அது பரவலாக அறியப்பட்டது. ஒரே செய்தியை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடத்திலும், பிறகு இன்னொருவரிடம் மூன்று நிமிடத்திலும், கடைசியாக வேறொருவரிடம் இரண்டு நிமிடத்திலும் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் மாறுவதால் சொல்பவருக்குச் சலிப்பு வருவதில்லை; சொல்ல வேண்டியது என்ன என்பது ஏற்கெனவே தெளிவாகிவிட்டதால், மூளையின் கவனம் முழுவதும் மொழியை விரைவாக எடுத்துத் தருவதில் செல்கிறது.

தனியாகப் பழகுபவர்கள் இதைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். கியூ கார்டு ஒன்றை எடுத்து முதலில் மூன்று நிமிடம் பேசுங்கள், பிறகு இரண்டரை, பிறகு இரண்டு. இதில் கவனம் தேவை: நேரத்தைக் குறைப்பது செய்திகளை வெட்டுவதற்காக அல்ல, தயக்கங்களை வெட்டுவதற்காக. மூன்றாம் முறையிலும் முதல் முறை சொன்ன முக்கியமான செய்திகள் இருக்க வேண்டும். இது மனப்பாடம் ஆகிவிடாதா என்ற ஐயம் எழலாம். மூன்று முறையும் ஒரே வாக்கியங்கள் வராதபடி பார்த்துக்கொண்டால் ஆகாது. ஒரு முறை காலவரிசையில் சொன்னதை அடுத்த முறை முடிவிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள். வாக்கியம் புதிதாகிக்கொண்டே இருக்கும், சொற்கள் மட்டும் கைவசமாகும்.

மூன்று பாகங்களுக்கும் தனித்தனிப் பழக்கம்

முதல் பாகத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. இரண்டு முதல் நான்கு வாக்கியங்களில் பதில் சொல்லப் பழகினால் போதும். நேரடியான பதில் ஒன்று, அதற்கு ஒரு காரணமோ சிறு விவரமோ ஒன்று. தேவைப்பட்டால் ஒரு ஒப்பீடு. ‘காலையில் படிக்கப் பிடிக்குமா, மாலையிலா’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி நிறுத்துவதும் தவறு; படிப்பின் அவசியத்தைப் பற்றிச் சொற்பொழிவைத் தொடங்குவதும் தவறு. நண்பர் ஒருவரிடம் இருபது சிறு கேள்விகளைக் கொடுத்து, வரிசை மாற்றி, தலைப்பு மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரெனத் தாவும்போது தடுமாறாமல் இருப்பதே இந்தப் பாகத்தில் கிடைக்க வேண்டிய பழக்கம்.

இரண்டாம் பாகத்தில் ஒரு நிமிடக் குறிப்புத்தான் பலருக்கும் சரியாக வருவதில்லை. அந்த நிமிடத்தில் முழு வாக்கியங்களை எழுதத் தொடங்குபவர் இரண்டு வாக்கியங்களோடு நின்றுவிடுவார். பிறகு அவற்றை வாசிக்க முயன்று, அவை முடிந்ததும் மௌனமாகிவிடுவார். எழுத வேண்டியவை தனிச் சொற்கள் மட்டுமே. எடுத்துக்காட்டாக, ‘நீங்கள் அண்மையில் கற்றுக்கொண்ட ஒரு திறமையைப் பற்றிச் சொல்லுங்கள்; அது என்ன, எப்படிக் கற்றீர்கள், எது கடினமாக இருந்தது, ஏன் அதைக் கற்க விரும்பினீர்கள்’ என்று ஒரு கார்டு வருகிறது என வைத்துக்கொள்வோம். நீச்சலைத் தேர்ந்தெடுத்தால், தாளில் ‘நீச்சல், அக்கா, மூச்சு, மூக்கில் தண்ணீர், முதல் தடவை அக்கரை, பயம்’ என்பவற்றுக்கு நிகரான ஆறேழு ஆங்கிலச் சொற்கள் இருந்தால் போதும். ஒவ்வொரு சொல்லும் இருபது விநாடிப் பேச்சுக்கான ஒரு கதவு.

இந்தக் குறிப்பில் ‘மூக்கில் தண்ணீர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பேச்சு வறண்டு போகாமல் காப்பவை இத்தகைய உடலால் உணர்ந்த சிறு விவரங்களே. ‘அது மிகவும் பயனுள்ளது, மிகவும் முக்கியமானது’ என்று பொதுப்படையாகப் பேசத் தொடங்கியவருக்கு நாற்பதாவது விநாடியில் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு குறிப்பிட்ட நாளில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், அப்போது மனம் எப்படி இருந்தது என்று விவரிக்கத் தொடங்கியவருக்கு இரண்டு நிமிடம் போதாது. கூடவே, நடந்ததைச் சொல்ல இறந்தகாலம், இன்று அது எப்படி உதவுகிறது என்பதற்கு நிகழ்காலம், இனி என்ன செய்ய எண்ணம் என்பதற்கு எதிர்காலம் என்று இலக்கண வகைமையும் தானாகவே அமைந்துவிடுகிறது. கார்டில் உள்ள துணைக்கேள்விகளை அதே வரிசையில்தான் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ‘ஏன்’ என்று கேட்கும் கடைசிப் பகுதியை அவசரத்தில் விட்டுவிடாமல், அதற்கென்று அரை நிமிடத்தையாவது ஒதுக்கிவைப்பது நல்லது.

நேரத்தை உடலுக்குப் பழக்க வேண்டும். பயிற்சியின்போது கடிகாரத்தை எதிரே வைக்காதீர்கள், ஏனென்றால் தேர்வில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேச முடியாது. அலாரம் வைத்து, இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்பதை உள்ளுணர்வால் அறியுங்கள்.

மூன்றாம் பாகம்தான் பெரும்பாலும் மதிப்பெண்ணைப் பிரிக்கும் இடம் என்பது என் கருத்து. இங்கே ‘நான்’ என்பதிலிருந்து ‘மக்கள்’ என்பதற்கு நகர வேண்டும். ‘பெரியவர்கள் புதிய திறமைகளைக் கற்பது ஏன் கடினமாக இருக்கிறது?’, ‘பள்ளிகள் செய்முறைத் திறன்களுக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டுமா?’, ‘வருங்காலத்தில் எந்தத் திறமைகளுக்கு மதிப்பு குறையும்?’ என்பன போன்ற கேள்விகள் வரும். இவற்றில் முதலாவது காரணம் கேட்கிறது, இரண்டாவது நிலைப்பாடு கேட்கிறது, மூன்றாவது ஊகம் கேட்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஆங்கிலத்தில் வேண்டிய வாக்கிய அமைப்பு வேறு. ஊகத்துக்கு ‘மே’, ‘மைட்’, ‘இஸ் லைக்லி டு’ போன்ற அமைப்புகள் நாக்கில் இருக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு ‘வேராஸ்’, ‘கம்பேர்ட் டு’ போன்றவை வேண்டும். கேள்வியைக் கேட்டவுடன் அது எந்த வகை என்று மனத்துக்குள் அடையாளம் காணப் பழகுவது, பதிலில் பாதியைக் கட்டிவிட்டதற்குச் சமம்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுபவர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் உண்டு. தமிழில் காரணங்களையும் நிபந்தனைகளையும் முன்னால் அடுக்கி, முடிவைக் கடைசி வினைச்சொல்லில் கொண்டுவந்து வைப்பது இயல்பு. அதே வரிசையில் ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கினால், நீண்ட முன்னுரையில் மாட்டிக்கொண்டு, வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று தெரியாமல் நடுவில் நிற்க நேரும். ஆகவே முடிவை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, அதன் பிறகு காரணத்துக்கும் எடுத்துக்காட்டுக்கும் செல்லப் பழகுங்கள். இதற்கு நல்ல பயிற்சி ஒன்று இருக்கிறது: ஒரு மூன்றாம் பாகக் கேள்விக்கு முதலில் ஆம் என்று ஒரு நிமிடம் வாதிடுங்கள், உடனே இல்லை என்று இன்னொரு நிமிடம் வாதிடுங்கள், மூன்றாவதாக, எந்தச் சூழலில் ஆம், எந்தச் சூழலில் இல்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். தேர்வில் சொல்வது எதுவாக இருந்தாலும், எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் பேசப் பொருள் கைவசம் இருக்கும்.

சொல்லும் ஒலியும்

சொல்வளத்துக்காக மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டுப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இயல்பான இடத்தில் வராத மரபுத்தொடர் பேச்சைச் செயற்கையாக்கிவிடும். அதைவிடப் பயன் தருவது, சொல் தெரியாதபோது சுற்றிச் சொல்லும் திறன்; அளவுகோல் அட்டவணையிலும் இதற்குத் தனி இடம் உண்டு. வீட்டிலுள்ள ஒரு பொருளை எடுத்து, அதன் பெயரைச் சொல்லாமல், அது என்ன, எதற்குப் பயன்படும், எதனால் ஆனது, அது இல்லாவிட்டால் என்ன செய்வோம் என்று அரை நிமிடம் விளக்குங்கள். பின்னர் இதையே அருவமான சொற்களுக்கும் செய்யுங்கள்: பொறாமை, பொறுப்பு, தனிமை. சொல் நினைவுக்கு வராத கணத்தில் உறைந்துபோகாமல் பேச்சைத் தொடர வைப்பது இந்தப் பழக்கமே. இன்னொன்று, சொற்களைத் தனித்தனியாகக் குறிக்காமல் அவை சேர்ந்து வரும் இணைகளாகக் குறிப்பது. ‘டிசிஷன்’ என்று எழுதாமல் ‘மேக் எ டிசிஷன்’ என்று எழுதி வைத்தால், பேசும்போது எந்த வினைச்சொல்லைச் சேர்ப்பது என்ற தயக்கம் இருக்காது.

உச்சரிப்பில் மிக முக்கியமானது அழுத்தம். தமிழில் அசைகள் ஏறத்தாழச் சம அளவில் ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை ஓங்கி ஒலிக்க, மற்றவை மங்கிச் சுருங்குகின்றன. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையும், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாம் அசையும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாம் அசையும் அழுத்தம் பெறுகின்றன. எல்லா அசைகளையும் சமமாகச் சொன்னால், ஒவ்வோர் எழுத்தும் சரியாக ஒலித்தாலும் கேட்பவருக்குச் சொல் பிடிபடத் தாமதமாகும். புதிய சொல் ஒன்றைக் குறிக்கும்போதே, அகராதியில் அழுத்தக் குறி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த அசையின் கீழ் கோடிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, மெய்யொலியில் முடியும் சொற்களின் இறுதியில் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடும் பழக்கம். ‘புக்’ என்பது ‘புக்கு’ என்றும், ‘ஹெல்ப்’ என்பது ‘ஹெல்ப்பு’ என்றும் ஒலிக்கும்போது பேச்சின் ஓட்டமே மாறிவிடுகிறது. இதற்கு நேர்மாறான குறையும் உண்டு: இறந்தகாலத்தைக் காட்டும் கடைசி ‘ட்’ ஒலியையும் பன்மையைக் காட்டும் ‘ஸ்’ ஒலியையும் விழுங்கிவிடுவது. நமக்கு இலக்கணம் தெரிந்திருந்தும், கேட்பவர் காதில் அது இலக்கணப் பிழையாகவே விழும். இதைச் சரிசெய்ய நிழல்வாசிப்பு உதவும். தெளிவான ஆங்கிலப் பேச்சு ஒன்றில் அரை நிமிடத்தை எடுத்து, எழுத்துப்படியைப் பார்த்தபடி பேசுபவரோடு சேர்ந்தே, அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நிறுத்தி, எங்கே அழுத்துகிறாரோ அங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவருடைய குரலையோ வட்டார உச்சரிப்பையோ நகலெடுப்பது நோக்கம் அல்ல. சொற்கள் எப்படிக் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து வருகின்றன என்பதை நாக்கு அறிய வேண்டும் என்பதே நோக்கம்.

துணையோடு பழகுவது

வாரத்தில் இரண்டு முறையாவது ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். ரெக்கார்டரிடம் சரளமாகப் பேசுபவரும், எதிரே ஒருவர் அமர்ந்து குறிப்பெடுக்கும்போது சொற்களை இழப்பதுண்டு. துணைக்கு வருபவர் ஆங்கிலத்தில் வல்லவராக இருக்க வேண்டியதில்லை. அவர் கேள்விகளைத் தெளிவாக வாசித்தால் போதும். பேச்சின் நடுவில் திருத்தக் கூடாது, தலையாட்டி ஊக்கப்படுத்தவும் வேண்டியதில்லை. இரண்டாம் பாகத்தில் இரண்டு நிமிடம் ஆனதும், பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். தேர்விலும் அப்படித்தான் நிறுத்துவார்கள். அது நேரக் கட்டுப்பாடே தவிரப் பதிலின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. முன்கூட்டியே இதற்குப் பழகாதவர்கள், நிறுத்தப்பட்டதும் எதையோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று கலங்கி, அந்தக் கலக்கத்தோடு மூன்றாம் பாகத்துக்குள் நுழைகிறார்கள்.

நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்க முடிந்தால், அதில் பாதியை ஒலிப்பதிவுக்கும் எழுத்துப்படிக்கும் கொடுத்து, மீதியில் திரும்பச் சொல்லும் பயிற்சியையும் நிழல்வாசிப்பையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். வாரக் கடைசியில் ஒரு முறை முழுத் தேர்வையும் இடைவெளியின்றி நடத்திப் பாருங்கள். பழைய ஒலிப்பதிவுகளை அழிக்காமல் தேதியிட்டு வைத்திருங்கள். முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும். ஒரு மாதத்துக்கு முந்தைய பதிவைக் கேட்கும்போதுதான் அது புலப்படும்.

கடைசி வாரத்தில் புதிய தலைப்புகளைத் தேடி ஓட வேண்டாம். ஏற்கெனவே பேசிய கார்டுகளை மறுபடியும் எடுத்து, வேறு நிகழ்ச்சிகளைக் கொண்டு பேசுங்கள். பேச்சுத் தேர்வு மற்றப் பகுதிகளுக்கு முன்போ பின்போ வேறொரு நாளில் அமையக்கூடும் என்பதால், தேதியையும் நேரத்தையும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். தேர்வு நாளன்று உள்ளே போவதற்கு முன் அரை மணி நேரமாவது ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும். அன்றைய முதல் ஆங்கில வாக்கியம் எக்ஸாமினரிடம் சொல்வதாக இருக்கக் கூடாது.

உள்ளே, கேள்வி சரியாகக் கேட்கவில்லை என்றால் மறுபடியும் சொல்லும்படி கேட்கலாம். மூன்றாம் பாகத்தில் கேள்வியின் பொருள் பிடிபடவில்லை என்றால் விளக்கவும் கேட்கலாம். புரியாத கேள்விக்குப் பொருந்தாத பதிலை நீளமாகச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு பிழையைச் செய்த உடனே உணர்ந்தால் ஒரு முறை திருத்திவிட்டு மேலே செல்லுங்கள். அதே வாக்கியத்தை மூன்று முறை சீர்படுத்துவது சரளத்தைக் குலைக்கும். ஒன்றுமே தெரியாத தலைப்பு வந்துவிட்டால், அதைப் பற்றி இதுவரை யோசித்ததில்லை என்பதை ஆங்கிலத்திலேயே சொல்லி, ஏன் யோசிக்க நேரவில்லை என்பதையும், இப்போது யோசிக்கும்போது என்ன தோன்றுகிறது என்பதையும் தொடர்ந்து சொல்லலாம். அதுவும் முழுமையான ஒரு பதில்தான். ஆனால் அது அந்த நேரத்தில் தானாக வந்துவிடாது. பயிற்சி வாரங்களில், தனக்குச் சிறிதும் ஆர்வம் இல்லாத தலைப்புகளை வேண்டுமென்றே எடுத்து, அவற்றிலும் ஒரு நிமிடம் பேசிப் பழகியிருக்க வேண்டும்.